பெரிய வினவல்களும் டிரைவர் அமைப்புகளும்: மலையகத் தோட்ட அலுவலகங்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (ஹட்டன்): அண்ணா, எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்கள் 800 பேர். நாளுக்கு மூன்று முறை மடுவத்தில் நிறுக்கிறோம். ஒவ்வொரு நிறுவையும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒரு நிரை. ஐந்து வருடப் பதிவை ஒன்றாக எடுக்கும்போது ஜாவா செய்நிரல் நினைவகம் போதாமல் நின்றுவிடுகிறது. நினைவகத்தை இரண்டு ஜிகாபைட்டிலிருந்து நான்காக்கினேன்; சில மாதங்களில் பழைய நிலைதான்.

பதில்: மாதத்துக்கு 25 வேலை நாள் என்று கொண்டால் மாதம் 60,000 நிரைகள், ஐந்து வருடத்துக்கு 36 இலட்சம். போஸ்ட்கிரெஸின் ஜேடிபிசி டிரைவர் (ஜாவா செய்நிரலைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் மென்பொருள்), நாம் தனியாகக் கேட்காவிட்டால், அந்த 36 இலட்சத்தையும் உங்கள் கணினியின் நினைவகத்துக்குள் இறக்கி முடித்த பிறகுதான் முதல் நிரையையே தரும். பதிவு நாளுக்கு நாள் வளர்வதால் நினைவகத்தை எவ்வளவு கூட்டினாலும் ஒரு நாள் அதுவும் நிரம்பும்.

செய்ய வேண்டியது, ஃபெட்ச் சைஸை, அதாவது ஒரு தடவைக்கு எத்தனை நிரை இறக்குவது என்பதை, 1000 போன்ற ஓர் எண்ணாக வைப்பது. ஆனால் ஆட்டோ கமிட் (ஒவ்வொரு கட்டளையையும் தானாகவே முடித்து உறுதிசெய்யும் அமைப்பு) அணைக்கப்பட்டிருந்தால் மட்டுமே அந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு. சேவையகத்தில் பாதி படித்த நிலையில் நிற்கும் கர்சர் (விடையில் எது வரை வாசித்தோம் என்ற குறி) ஒரு பரிவர்த்தனைக்குள்தான், அதாவது ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடியும் வேலைத் தொகுதிக்குள்தான், உயிரோடு இருக்கும். ஆட்டோ கமிட் இயங்கினால் அந்தப் பரிவர்த்தனை வினவலோடு முடிந்துவிடுகிறது. அதோடு, விடை முன்னோக்கி மட்டும் நகர்வதாக இருக்க வேண்டும். ஒரே கட்டளையில் அரைப்புள்ளியிட்டு இரண்டு வினவல்களை இணைக்கவும் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் டிரைவர் பிழை எதுவும் காட்டாமல் பழையபடி முழுவதையும் இறக்கும் என்பதால்தான் பலர் மாதக்கணக்கில் திண்டாடுகிறார்கள். தரவுத்தள இணைப்புகளைத் திறந்து வைத்து மீண்டும் மீண்டும் தரும் ஹிகாரி போன்ற இணைப்புத் தொகுப்புகளில் ஆட்டோ கமிட் இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். வாசித்த நிரைகளையெல்லாம் நீங்களே ஒரு பட்டியலில் சேர்த்து வைத்தாலும் இந்த அமைப்பால் பயன் இல்லை. வாசித்ததை உடனுக்குடன் கோப்பில் எழுதிவிடுங்கள்.

கேள்வி (பண்டாரவளை): எங்களிடம் இருப்பது மைஎஸ்கியூஎல். ஃபெட்ச் சைஸ் 500 என்று வைத்தும் எந்த மாற்றமும் இல்லையே, ஐயா?

பதில்: மைஎஸ்கியூஎல் டிரைவர் அந்த 500ஐத் தனியாக மதிப்பதில்லை. இணைப்பு முகவரியில் யூஸ் கர்சர் ஃபெட்ச் என்ற அமைப்பை ட்ரூ ஆக்கினால் 500, 500 ஆக வரும். ஆனால் சேவையகம் விடையை ஒரு தற்காலிக அட்டவணையில் எழுதி வைப்பதால் சுமை அங்கே கூடும். மற்ற வழி, முன்னோக்கி மட்டும் நகரும், வாசிக்க மட்டுமான விடையைக் கேட்டு, ஃபெட்ச் சைஸை இன்டிஜரின் மிகச் சிறிய மதிப்பாக, அதாவது -2147483648 ஆக வைப்பது. அப்போது நிரைகள் ஒவ்வொன்றாக ஓடி வரும். இந்த வழியில் ஒரு கட்டுப்பாடு உண்டு: கடைசி நிரை வரை வாசிக்காமல், அல்லது விடையை மூடாமல், அதே இணைப்பில் இன்னொரு வினவல் அனுப்ப முடியாது. ஒவ்வொரு நிறுவைக்கும் தொழிலாளியின் பெயரை உள்ளே தனி வினவலாகத் தேடும் செய்நிரல் இங்கேதான் உடையும். பெயரை ஜொயின் செய்து (இரு அட்டவணைகளை இணைத்து) முதல் வினவலிலேயே எடுத்துவிடுங்கள்.

கேள்வி (பதுளை): தரவுத்தளம் கொழும்பில், ஒராக்கிள். போய் வர 80 மில்லிசெக்கன் ஆகிறது. ஃபெட்ச் சைஸுக்கு எந்த எண் சரி?

பதில்: ஒராக்கிள் டிரைவரின் இயல்பான எண் 10. ஓர் இலட்சம் நிரைகளுக்கு 10,000 தடவை கொழும்புக்குப் போய் வர வேண்டும். அது மட்டுமே 800 செக்கன், பதின்மூன்று நிமிடத்துக்கு மேல். எண்ணை 1000 ஆக்கினால் 100 தடவை, எட்டுச் செக்கன். நிரையில் படமோ நீண்ட குறிப்போ இருந்தால் எண்ணைக் குறையுங்கள், ஏனெனில் 1000 கனமான நிரைகளும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் இருக்கும். மழைக்காலத்தில் சிக்னல் அறுந்து போகும் இடங்களில் ஒரே வினவலை நீண்ட நேரம் திறந்து வைப்பதை நான் விரும்புவதில்லை. இலக்க வரிசையில் ஐயாயிரம் ஐயாயிரமாக எடுத்து, கடைசியாக வந்த பதிவிலக்கத்தைக் குறித்து வைத்தால், அறுந்த இடத்திலிருந்தே தொடரலாம்.

கேள்வி (நுவரெலியா): பைத்தனில், போஸ்ட்கிரெஸுக்கான டிரைவரான சைகோபிஜி2 பயன்படுத்துகிறேன். இதில் எப்படித் தொகுதி தொகுதியாக எடுப்பது?

பதில்: கர்சருக்கு ஒரு பெயர் கொடுங்கள், அப்போதுதான் அது சேவையகத்தில் திறக்கும். நிரைகளை ஒவ்வொன்றாக வாசித்துப் போகும்போது தொகுதிக்கு 2000 வீதம் வரும்; இட்டர்சைஸ் என்ற அமைப்பின் மூலம் அந்த எண்ணை மாற்றலாம்.

கேள்வி (தலவாக்கலை): பெரிய கிளாக்கர் கேட்பது மாத முடிவில் ஆளுக்கு எத்தனை கிலோ என்பது மட்டுமே. அதற்கும் இந்த அமைப்புகள் வேண்டுமா?

பதில்: வேண்டாம். கூட்டுத்தொகையைத் தரவுத்தளமே போடட்டும்; தொழிலாளியின் இலக்கம் வாரியாகக் குரூப் பை செய்தால் (ஒரே ஆளின் நிரைகளைச் சேர்த்துக் கூட்டினால்) 60,000 நிரைகளுக்குப் பதிலாக ஆளுக்கு ஒன்றாக 800 நிரைகள்தான் வரும், டிரைவரின் இயல்பான அமைப்பே அதற்குப் போதும். நிறுவைத் திகதி நிரலுக்கு இன்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் சுட்டி) இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.