செல் காயம் எந்தக் கட்டத்தில் மீள முடியாததாகிறது? எப்படிப் புரிந்து படிப்பது?

பட்டியலாக மனப்பாடம் செய்தால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டிக்கொள்வீர்கள். ரத்த ஓட்டம் நின்ற இதயத் தசையை எடுத்துக்கொண்டு, செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி குறைவதால் என்னென்ன நடக்கிறது என்று மட்டும் தொடருங்கள்.

ஆக்சிஜன் இல்லாததால் மைட்டோகாண்ட்ரியா ஏடிபி தயாரிப்பதில்லை. சோடியத்தை வெளியேற்றும் சோடியம்-பொட்டாசியம் பம்ப் ஓய்கிறது. சோடியம் உள்ளே தேங்க, பின்னாலேயே தண்ணீரும் புகுந்து செல் வீங்குகிறது. ஆக்சிஜனின்றி சேமித்த சர்க்கரையான கிளைக்கோஜனைச் சிதைத்துச் சமாளிப்பதால் லாக்டிக் அமிலம் சேர்ந்து பிஎச் இறங்குகிறது. ரிபோசோம்கள் கழன்று புரத உற்பத்தியும் குறைகிறது. இதுவரை ரத்தம் திரும்பினால் செல் பிழைக்கும். ஓரிரு நிமிடத்திலேயே தசை சுருங்குவதை நிறுத்திவிடும். ஆனால் அது செல்லின் சாவு அல்ல. பலர் குழம்புவது இங்கேதான்.

எல்லைக்கோடு செல் சவ்வு. சுமார் 20 முதல் 40 நிமிடத்தில் அது சேதமடைந்து கால்சியம் உள்ளே பாய்கிறது, ட்ரோபோனின் என்ற தசைப் புரதம் வெளியே கசிகிறது. நுண்ணோக்கியில் உடனே பெரிதாக எதுவும் தெரியாது: கோயாகுலேட்டிவ் நெக்ரோசிஸ் (செல்லின் உருவம் சிறிது காலம் அப்படியே இருக்க, திசு இறப்பது) தென்பட 4 மணி நேரமாவது ஆகும். எனவே அடைப்பு வந்து அரை மணியில் இறந்தவரின் ஸ்லைடு இயல்பாகத் தெரிந்தால் அதில் வியப்பில்லை.

மூளையிலும் தொடக்கம் இதேதான், முடிவு வேறு. அங்கே இறந்த திசு கரைந்து திரவமாகிவிடும்.