மிச்சமாகுற சோலார் கரண்ட்டை தண்ணியில சேமிச்சு வைக்க முடியுமா? எந்த வழி தேறும்?

கேட்டவர் வீட்டு மாடியில 3 கிலோவாட் சோலார் இருக்காம். பகல்ல மிச்சமாகுற கரண்ட்டுல மோட்டார் போட்டு மேல் டேங்க்குக்கு தண்ணி ஏத்தி வச்சுட்டு, ராத்திரி அதை கீழ விட்டு குட்டி டர்பைன் சுத்தி லைட்டு ஃபேன் ஓட்டலாமான்னு கேக்குறார். ரெண்டு வருஷம் முன்னாடி என் மச்சினன் இதையேதான் கேட்டான், அன்னைக்கு அவனுக்கு காலண்டர் தாளோட பின்பக்கம் போட்டுக் காட்டுன கணக்கையே இங்க எழுதுறேன்.

367னு ஒரு நம்பர் மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. 1000 லிட்டர் தண்ணி 367 மீட்டர் உயரத்துல இருந்து விழுந்து, துளி நஷ்டம் இல்லாம அத்தனையும் கரண்ட்டா மாறுனா ஒரு யூனிட் வரும். ஒண்ணே ஒண்ணு. உங்க மாடி டேங்க் 10 மீட்டர் உயரத்துல இருக்குன்னு வைங்க, 1000 லிட்டர் சின்டெக்ஸ் ஃபுல்லா இருந்தா அதுல இருக்குறது 0.027 யூனிட், அதாவது 9 வாட் எல்இடி பல்பு ஒண்ணு மூணு மணி நேரம் எரியும், அதுவும் டர்பைன்ல நஷ்டமே இல்லன்னா. ராத்திரிக்கு 5 யூனிட் வேணும்னா அந்த உயரத்துல 1,83,500 லிட்டர் நிக்கணும். 12,000 லிட்டர் தண்ணி லாரியில 15 லாரி. குட்டி டர்பைன் பாதியத்தான் குடுக்கும்னு வச்சா 30 லாரி. மாடி தாங்குமா தாங்காதான்னு இன்ஜினியர்கிட்ட கேக்கவே வேணாம்.

அப்புறம் கடம்பாறையில மட்டும் இதே மாதிரி தண்ணிய ஏத்தி இறக்கி கரண்ட் எடுக்குற பவர் ஹவுஸ் எப்படி ஓடுதுன்னு கேப்பீங்க, மச்சினனும் கேட்டான். ஆழியார் தாண்டி ஆனைமலை மேல, மலைக்குள்ள குடைஞ்சு வச்சிருக்காங்க அந்த பவர் ஹவுஸ. 100 மெகாவாட் மெஷின் நாலு, 1980கள் கடைசியில ஓட ஆரம்பிச்சது. மேல கடம்பாறை அணை, கீழ 'மேல் ஆழியார்'ங்கற அணை, நடுவுல முன்னூறு மீட்டருக்கு மேல இறக்கம். கரண்ட் மிச்சமா இருக்குற நேரத்துல கீழ இருக்குற தண்ணிய மேல தள்ளுவாங்க, சாயங்காலம் ஊரே லைட்டு போடும்போது இறக்குவாங்க, ரெண்டுக்கும் ஒரே மெஷின்தான், ஒரு பக்கம் சுத்துனா பம்ப்பு, மறுபக்கம் சுத்துனா டர்பைன். நாலும் முழுசா ஓடுனா விநாடிக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு மேல இறங்கும். அதாவது நான் மேல சொன்ன லாரி கணக்குல ஒவ்வொரு விநாடியும் எட்டு ஒம்போது லாரி. மலையும் வேணும் அணையும் வேணும் இவ்வளவு தண்ணியும் வேணும், அதனாலதான் இந்த மாதிரி இடம் விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் இருக்கு. நீலகிரியில குந்தாவுல 500 மெகாவாட்டுக்கு இன்னொண்ணு கட்டுறாங்க, போர்த்திமந்து அணை மேல, அவலாஞ்சி எமரால்டு கீழ.

இதுலயும் 100 யூனிட் போட்டா திரும்பி வர்றது 70ல இருந்து 80 தான். ஆனா ஆடி மாசம் பாலக்காட்டு கணவாய் காத்துல காத்தாடி எல்லாம் சுத்தித் தள்ளுற கரண்ட்டு, வாங்க ஆளில்லாத நேரத்துல, அப்படியே வீணாப் போறதுக்கு பதிலா 75 கைக்கு வந்தா லாபம்தானே.

சரி, வீட்டுக்கு வருவோம். தண்ணிய உயரத்துல வைக்காம சூடு பண்ணி வைங்க, கணக்கே வேற. 100 லிட்டர் தண்ணிய 25 டிகிரியில இருந்து 60க்கு ஏத்துனா அதுக்குள்ள 4 யூனிட் உக்காந்திருக்கும். இதே 4 யூனிட்ட மாடி உயரத்துல வைக்கணும்னா கிட்டத்தட்ட ஒண்ணரை லட்சம் லிட்டர்! நான் மொதல்ல இத போட்டப்போ சைபர் தப்பா போட்டுட்டேன்னு நெனச்சு ரெண்டு தடவ திரும்பப் போட்டேன். சுத்தி நல்லா ஃபோம் அடிச்ச டேங்க்கா இருந்தா காலையில குளிக்கிற வரைக்கும் சூடு நிக்கும். அந்த சூட்டுல இருந்து திரும்ப கரண்ட் எடுக்க முடியாது, ஆனா எதுக்கு எடுக்கணும், காலையில கீசர் இழுக்குறதும் அதே யூனிட்தானே.

ஐஸும் இதே மாதிரிதான். ஒரு கிலோ ஐஸ் உருகறதுக்கு 334 கிலோஜூல் சூட்டை உறிஞ்சும், 100 கிலோ ஐஸ் இருந்தா 1 டன் ஏசி முழு வேகத்துல ரெண்டரை மணி நேரத்துக்கு மேல குடுக்குற குளிர்ச்சி. (அந்த 'டன்'னுங்கறதே ஒரு டன் ஐஸ் ஒரு நாள் முழுக்க உருகுனா கிடைக்கிற குளிர்ச்சிதான், ஏசியோட வெயிட் இல்ல, கடையில நிறைய பேர் அப்படித்தான் நெனச்சு கேக்குறாங்க.) பால் டெய்ரிகள்ல ஐஸ் பேங்க்னு வச்சிருப்பாங்க, கரண்ட் இருக்கும்போது ஐஸ் கட்டி வச்சுட்டு பால் வந்ததும் அந்த ஜில் தண்ணிய ஓட்டி குளிர வைப்பாங்க. வீட்டுக்கு இது தோதுப்படாது.

தண்ணிய பிரிச்சு ஹைட்ரஜன் எடுக்குறதையும் கமெண்ட்ல யாரோ சொல்லியிருந்தாங்க. 9 லிட்டர் தண்ணியில ஒரு கிலோ வரும், அதுக்கு 50 யூனிட்டுக்கு மேல கரண்ட் போகும், திரும்ப கரண்ட்டாக்குனா 20 யூனிட் தேறுனாலே பெருசு. அதுவும் வாயுவ அமுக்கி வைக்க சிலிண்டர், அது கசிஞ்சா என்ன ஆகும்ங்கற பயம். இரும்பு ஆலைக்கு உரக் கம்பெனிக்கு சரி, மொட்டை மாடிக்கு வேணாங்க.

அதனால மேல் டேங்க்க பகல்லயே நிரப்பிடுங்க, மோட்டாருக்கு டைமர் போடுங்க, தோட்டம் இருந்தா தொட்டிய நிரப்பி வச்சுட்டு சாயங்காலம் பாய்ச்சுங்க. தண்ணியா ஏத்துனத தண்ணியாவே செலவு பண்ணுனா நஷ்டம் ஒரு தடவையோட நின்னுரும். கீசரும் மத்தியானம் 12 மணிக்கு ஓடட்டும். ராத்திரி ஃபேனுக்கு நெட் மீட்டர் (பகல்ல மிச்சத்த லைனுக்கு அனுப்புனத பில்லுல கழிச்சுக் குடுக்குற மீட்டர்) இல்லன்னா பேட்டரிதான், 5 யூனிட் லித்தியம் பேட்டரி ஒரு சூட்கேஸ் சைஸ்ல செவுத்துல தொங்கும்.

மச்சினன் டைமர் போட்டுட்டான். ஆனா விடல, "மாமா, நம்ம தோட்டத்து கிணறு 100 அடி, மேல ஒரு பண்ணைக்குட்டை வெட்டுனா?"ன்னு போன வாரம் மறுபடி வந்தான். போட்டுப் பாத்தேன், 5 யூனிட்டுக்கு நஷ்டம் சேத்து ஒண்ணேகால் லட்சம் லிட்டர் தினமும் கிணத்துக்குள்ள விழணும், அப்புறம் ஏறணும். சித்திரையில அந்த கிணத்துல குடம் முங்குற அளவுக்குக்கூட தண்ணி நிக்காது.