தழும்பு, வடு: உடம்பைத் தாண்டிய பொருள்

தழும்பு, வடு இரண்டுக்கும் உடம்புக் காயம் தவிர வேறு பொருள் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே உண்டு. வடு பெரும்பாலும் மனசுக்கு: குளச்சல் பக்கம் 2004 சுனாமியைப் பற்றி எழுதினால் 'ஆறாத வடு' என்றுதான் எழுதுவார்கள். குறள் 129 தீ சுட்டதைப் புண் என்றும் நாக்கு சுட்டதை வடு என்றும் பிரித்துச் சொல்கிறது, எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. பழைய தமிழில் வடு என்றால் பழி, குற்றம் என்றும் பொருள்.

தழும்பு வேறு மாதிரி. எங்கள் ஊர்ப் பனையேறிகளின் நெஞ்சிலும் காலிலும் மரம் உரசி உரசித் தோல் தடித்துக் கறுத்திருக்கும், அது ஒரே நாளில் வந்த காயமல்ல, வருடக்கணக்காக ஏறி இறங்கி வந்தது. அந்தப் பொருளில்தான் ஒருவரை ஓயாமல் புகழ்வதை 'நாத்தழும்பேறப் புகழ்ந்தான்' என்கிறோம்.