மணவறையில் மஞ்சள் ரோஜா வைக்கலாமா?

திருப்பூரிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: "தை மாதம் மகளுக்குக் கல்யாணம். மணவறைக்கு மஞ்சள் ரோஜாவும் வெள்ளைச் செவ்வந்தியும் என்று பேசி முன்பணமும் கொடுத்துவிட்டோம். லண்டனில் இருக்கும் என் தங்கை மகன், மஞ்சள் ரோஜா என்றால் பொறாமை, பிரிவு. வெள்ளைப் பூ துக்கத்துக்கு வைப்பது என்று ஒரு பட்டியலை அனுப்பியிருக்கிறான். அதைக் காட்டியதும் அலங்காரக்காரர், மாற்ற வேண்டுமானால் நீல ரோஜாவும் ஊதா ஆர்க்கிட்டும் போடலாம், அது ராஜ களை, அறுபதாயிரம் கூட ஆகும் என்கிறார். என்ன செய்வது? கணவர் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். பிரான்ஸிலிருந்து அவரிடம் சரக்கு வாங்கும் பையரும் அவர் மனைவியும் கல்யாணத்துக்கு வருகிறார்கள்."

முதலில் பதில்: மாற்ற வேண்டாம். அறுபதாயிரத்தைப் பத்திரமாக வையுங்கள், சீர் செலவுக்கு ஆகும்.

உங்கள் தங்கை மகன் அனுப்பியது பொய்யில்லை. ஆனால் அது வேறு ஊர்க் கணக்கு. ஒவ்வொரு பூவுக்கும் ஒரு சொல் என்ற வழக்கம் துருக்கியில் இருப்பதாக, அங்கே பிரிட்டிஷ் தூதரின் மனைவியாக இருந்த மேரி வோர்ட்லி மாண்டேகு 1718-ல் கடிதம் எழுதினார். அப்புறம் 1819-ல் பாரிஸில் ஒரு பெண்மணி புனைபெயரில் பூ அகராதி ஒன்று போட்டார். அது நன்றாக விற்றது. விற்றதைப் பார்த்து இங்கிலாந்தில் ஆளுக்கொன்று எழுதினார்கள். ஒரு புத்தகத்துக்கும் இன்னொன்றுக்கும் ஒத்துப்போகாது. மஞ்சள் ரோஜா பொறாமை என்பது அந்தப் புத்தகங்களின் சரக்கு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் புத்தகங்கள் விற்ற காலத்தில், இன்று நீங்கள் பார்க்கும் பளிச்சென்ற மஞ்சள் ரோஜா கிடையாது. பாரசீகப் பக்கத்து மஞ்சள் ரோஜா ஒன்றை இனக்கலப்பு செய்து, லியோன் நகரத்து பெர்னே துஷே என்பவர் 1900-ல் வெளியிட்ட செடியிலிருந்துதான் இந்த வம்சமே தொடங்குகிறது. அந்தப் பழைய மஞ்சள் ரோஜாவுக்கு வாடை வேறு ஆகாது. அதன் பேச்சை இன்றைய பூவின் தலையில் கட்டுவதில் நியாயமில்லை. மேல்நாட்டிலேயே இப்போது மஞ்சள் ரோஜா என்றால் நட்பு என்று மாற்றிச் சொல்லித்தான் விற்கிறார்கள்.

நம் பக்கம் என்ன? தை பிறப்பதற்கு முந்தின நாள் காப்புக் கட்டுகிறோமே, அதில் என்ன வைக்கிறோம்? ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை. மஞ்சள் ஒன்று, வெள்ளை ஒன்று. லண்டன் பட்டியல்படி பார்த்தால் பொறாமையையும் துக்கத்தையும் சேர்த்துக் கட்டி வாசலிலும் காட்டிலும் செருகிவிட்டுத்தான் கொங்கு நாடே தையை வரவேற்கிறது. பூப்பறிக்கிற நோம்பிக்கு ஆவாரம்பூ தேடிப் போகாத உங்கள் வயதுப் பெண்கள் இந்தப் பக்கம் குறைவு. தாலிக் கயிறு மஞ்சள். ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடே வாங்கியாயிற்று. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு மஞ்சளைப் பார்த்துப் பயப்படலாமா?

வெள்ளைக்கும் அதே பதில்தான். கல்யாண மாலையில் பாதி சம்பங்கி. சங்க காலத்தில் தும்பைப் பூ போருக்குச் சூடியது; அதே தும்பை இன்று சிவனுக்கு. பூவுக்கு நாம் தரும் பொருள் நிறத்தைப் பார்த்து வருவதில்லை, எங்கே யாருக்கு வைக்கிறோம் என்பதைப் பார்த்து வருகிறது. அரளியைக் கோயிலுக்கு விட்டுவிடுங்கள். செடி முழுக்க விஷம், பந்திப் பக்கமே வேண்டாம்.

இப்போது நீல ரோஜாவுக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ரோஜாவில் இயற்கையாக நீலம் கிடையாது. அந்த நிறத்துக்கு வேண்டிய நிறமி ரோஜாவில் உருவாவதில்லை. ஜப்பானில் சன்டோரி நிறுவனம் மரபணுவை மாற்றி 2009-ல் விற்பனைக்கு விட்ட 'நீல' ரோஜாவே வெளிறிய கத்தரிப்பூ நிறம்தான். அப்படியானால் உங்கள் மணவறைக்கு வரப்போவது என்ன? சாயத் தண்ணீரில் நிற்க வைத்த வெள்ளை ரோஜா. சாயப்பட்டறை ஊர்க்காரர்களுக்கே சாயம் போட்டு விற்கிறார்கள் என்றால் அந்தத் துணிச்சலை என்னவென்று சொல்ல! காம்பைக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள், உள்ளே நீல வளையம் தெரியும். இதழில் நரம்பு மட்டும் கறுத்து ஓடும். ஈர வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தால் கைக்குட்டை சொல்லிவிடும். முகூர்த்தப் பட்டில் அந்த ஈரம் பட்டால் யார் பொறுப்பு?

இன்னொன்று, 'டச் ரோஸ்' என்று சீட்டில் எழுதி ஹாலந்திலிருந்து விமானத்தில் வந்ததுபோல் விலை சொல்வார்கள். அது பூவின் ரகத்துக்கு வியாபாரத்தில் உள்ள பெயர். பெரும்பாலும் ஓசூர்ப் பசுமைக்குடிலில் வளர்ந்தது. ஒரு கட்டுக்கு 20 பூ. எத்தனை கட்டு என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். "மேடை முழுக்க" என்று எழுதினால் அதற்கு அளவே கிடையாது.

மல்லியிலும் கவனம். தையில் பனி, மல்லி வரத்து குறையும், சத்தியமங்கலத்தில் ஏலம் எகிறும். அப்போது மல்லி என்று சொல்லிக் காக்கடாவைத் தொடுத்துக் கொடுப்பார்கள். பார்க்க மல்லி மாதிரியே இருக்கும், மோந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. காக்கடா கெட்ட பூ இல்லை, காக்கடா விலைக்கு வாங்கினால் தாராளமாக வைக்கலாம். மார்க்கெட்டில் கிலோக் கணக்கு, நம் கைக்கு வரும்போது முழக் கணக்கு. பெட்ரோல் பங்க்கில் அளவுக்கு முத்திரை உண்டு, காய்கறித் தராசுக்கு முத்திரை உண்டு. முழத்துக்கு? விற்கிறவர் கைதான் முத்திரை. காட்டில் விடியுமுன் மல்லி பறிக்கிறவருக்கு என்ன போகிறது, உங்களிடம் என்ன வாங்குகிறார்கள் என்று கணக்குப் போட்டால் கல்யாணச் சந்தோஷமே போய்விடும்.

இதைவிட மோசம் மண்டபத்துச் சட்டம். "அலங்காரம் எங்கள் ஆள்தான் செய்வார்" என்று மண்டப ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். எனக்கே என் தம்பி மகள் கல்யாணத்தில் நடந்தது. பூவையெல்லாம் நானே பார்த்து எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் நிறுத்தி, வெளிப்பூ உள்ளே வர 'அனுமதிக் கட்டணம்' கேட்டார்கள். முப்பது வருடம் பூச்செடி வளர்ப்பு சொல்லிக்கொடுத்த நான், வண்டியில் பூ வாட வாடப் பேரம் பேசிக்கொண்டு நின்றேன். முன்பணம் கொடுக்கும் முன்பு அந்தக் கடைசிப் பக்கத்தைப் படிக்க வேண்டும். நீங்கள் கொடுத்துவிட்டீர்கள். சரி, இப்போதாவது எடுத்துப் படியுங்கள்.

ஒரே இடத்தில் மட்டும் தங்கை மகன் பேச்சைக் கேளுங்கள்: அந்தப் பிரெஞ்சுத் தம்பதி. பிரான்ஸில் நவம்பர் 1 அன்று எல்லோரும் கல்லறைக்குப் போய்ச் செவ்வந்தித் தொட்டி வைப்பார்கள். அதனால் அங்கே யாரும் யாருக்கும் செவ்வந்தியைக் கையில் கொடுக்க மாட்டார்கள். வெள்ளை மட்டுமில்லை, மஞ்சளும் ஆகாது. நம் வீட்டில் ஆயுத பூஜைக்கு அதைத்தான் சாத்துகிறோம் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. ஒரு கம்பெனியில் பார்த்தேன், வந்திறங்கிய பிரெஞ்சு அம்மாவுக்குப் பெரிய வெள்ளைச் செவ்வந்திக் கொத்தைக் கொடுத்தார்கள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே வாங்கினார், கிளம்பும்போது காரிலேயே விட்டுவிட்டுப் போனார். கொடுத்தவருக்கு இன்றுவரை காரணம் தெரியாது.

மணவறைச் செவ்வந்தியை இதற்காக எடுக்க வேண்டுமா? வேண்டாம். அது உங்கள் வீட்டு விசேஷம், அவர்கள் விருந்தாளிகள். வரவேற்பில் செவ்வந்தி தட்டில் இருந்தால்? இருக்கட்டும். அவர்களுக்குப் போடும் மாலையில் கலந்திருந்தால்? அதை மட்டும் தவிருங்கள், சம்பங்கி மாலையோ ஏலக்காய் மாலையோ போடுங்கள். கையில் கொத்து கொடுப்பதானால் வெளிர் ரோஸ் நிற ரோஜா, எண்ணிக்கை ஒற்றைப்படையில். சிவப்பு ரோஜாவை உங்கள் கணவர் கையால் அந்த அம்மாவுக்குக் கொடுக்க விடாதீர்கள். அங்கே அது காதலிக்குக் கொடுப்பது. அடுத்த வருடம் ஆர்டர் வேறு வர வேண்டும் இல்லையா?

கடைசியாக ஒன்று. அலங்காரக்காரர் நீலத்தை விட்டுவிட்டு லில்லிக்குத் தாவுவார், பாருங்கள். ஒத்துக்கொண்டால், மொட்டு விரிந்ததும் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் காவி நிறப் பொடிப் பைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிவிடச் சொல்லுங்கள். அந்தப் பொடி பட்டில் ஒட்டினால் போகாது. ஒட்டிவிட்டால் தண்ணீர் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள். ஒட்டும் டேப்பை மெதுவாக வைத்து எடுங்கள்.