டேபிள் ஃபேனில் கட்டிய கேமரா

அன்புள்ள சார்,

பேய்ப்படங்கள் பற்றிய உங்கள் பழைய கட்டுரையில் ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’யைத் தூக்கிவைத்து எழுதியிருந்தீர்கள். அதை நம்பி, போன வாரம் மதுரைக்குப் போகும் பஸ்ஸில் மொபைலில் பார்த்தேன். மன்னிக்கவும், பாதியில் தூங்கிவிட்டேன். இரண்டு பேர் படுத்துத் தூங்குகிறார்கள், அதை நாம் உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம். ஒரு கதவு நாலு அங்குலம் அசைகிறது. விளக்கு எரிந்து அணைகிறது. இதற்கா உலகமே அலறியது? கையில் காசில்லாமல் எடுத்ததைக் கலை என்று சொல்லி நம் தலையில் கட்டிவிட்டார்களோ என்று தோன்றுகிறது.

கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நானும் மூன்று நண்பர்களும் இந்த மாதிரி ஒரு படம் எடுக்கலாமென்று இருக்கிறோம். ஊரில் என் தாத்தா வீடு பூட்டித்தான் கிடக்கிறது. பழைய வீடு. மச்சில் இருக்கும் அறையின் கதவு, திறந்து வைத்தாலும் தானாக வந்து சாத்திக்கொள்ளும். நாலு பேரும் போட்டால் இரண்டு லட்சம் தேறும். கேமராவைக் கையில் வைத்து ஆட்டி ஆட்டி எடுத்துவிட்டால் லைட்டிங் செலவு மிச்சம், குறைகளும் தெரியாது என்பது எங்கள் கணக்கு. சரியா?

கே.

*

அன்புள்ள கே.,

பஸ்ஸில், மொபைலில் பார்த்தேன் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். என் வேலை பாதி குறைந்தது.

அந்தப் படத்தில் இரவுக் காட்சிகள் பெரும்பாலும் ஒரே கோணம்தான். படுக்கையறையில் ட்ரைபாடில் நிறுத்திய கேமரா. வலப்பக்கம் கட்டில், இடப்பக்கம் திறந்துகிடக்கும் கதவு, கதவுக்கு அப்பால் இருட்டான நடை. கீழே மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். மணிகள் விறுவிறுவென்று ஓடிவந்து, திடீரென்று வேகம் தணிந்து வினாடி வினாடியாக நகரும். இரண்டு மூன்று இரவுகளில் நமக்குப் பழகிவிடுகிறது: வேகம் குறைந்தால் ஏதோ வரப்போகிறது. எங்கிருந்து என்று சொல்லமாட்டார்கள். கண் தானாகத் தேட ஆரம்பிக்கிறது. கதவிலா, போர்வையிலா, நடையின் இருட்டிலா? தியேட்டர் திரையில் அந்தக் கதவு ஆள் உயரத்துக்கும் மேல். உங்கள் மொபைலில் சுண்டுவிரல் நகம் அளவு. அதில் தேடுவதற்கு என்ன இருக்கிறது? நீங்கள் தூங்கியதில் தப்பே இல்லை.

இந்தத் தேடல்தான், யாரோ எடுத்துவைத்துக் கண்டெடுக்கப்பட்ட வீடியோ போலக் காட்டும் இந்த வகைப் படங்களின் முழுச் சரக்கும். எனக்கு இது புரிந்தது சினிமாவில் அல்ல. சில வருடங்களுக்கு முன் எங்கள் குடியிருப்பில் ஒரு சைக்கிள் காணாமல்போனது. காவலாளியின் அறையில் உட்கார்ந்து, முந்தைய இரவின் சிசிடிவி பதிவை எட்டு மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலியான வராந்தா, ஒரு டியூப்லைட், மூடிய லிஃப்ட். ஒரு மணி நேரம் இதையே பார்த்தால் மனது என்னவோ ஆகிவிடுகிறது. சுவரில் இருந்த ஈரக்கறைகூட ஆள் மாதிரி தெரிந்தது. மூன்று மணி சுமாருக்கு லிஃப்ட் திறந்தது. யாரும் வெளியே வரவில்லை, யாரும் உள்ளே போகவுமில்லை. கொஞ்ச நேரம் திறந்தே இருந்துவிட்டு மூடிக்கொண்டது. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த காவலாளி, “அது தினமும் அப்படித்தான் சார்” என்றார். சைக்கிள் மொட்டைமாடியில் கிடைத்துவிட்டது, ஏதோ பையன்கள் வேலை. ஆனால் ஒரு வாரத்துக்கு நான் மாடிப்படியில்தான் ஏறினேன். அந்த லிஃப்டுக்குள் ரத்தம் வடியும் உருவம் ஒன்று நின்றிருந்தால், ‘யாரோ விளையாடியிருக்கிறார்கள்’ என்று சிரித்திருப்பேன்.

பி.பி.சி. இதை 1992லேயே செய்துகாட்டிவிட்டது. அக்டோபர் 31, ஹாலோவீன் இரவு. ‘கோஸ்ட்வாட்ச்’ என்று, லண்டன் புறநகரில் பேய் பிடித்த ஒரு வீட்டிலிருந்து நேரலை போல ஒரு நிகழ்ச்சி. மைக்கேல் பார்க்கின்சன் என்ற நம்பகமான தொலைக்காட்சி முகம் ஸ்டுடியோவில் தொகுப்பாளராக அவர் பெயரிலேயே உட்கார்ந்திருக்கிறார். உண்மையில் அது ஸ்டீவன் வோல்க் எழுதி, முன்கூட்டியே எடுத்துவைத்த நாடகம். குழந்தைகளின் படுக்கையறைப் பதிவு ஒன்றைக் காட்டுகிறார்கள். திரைச்சீலை பக்கத்தில் யாரோ நிற்பதாக நேயர்கள் போன் செய்கிறார்கள். அதே பதிவை மறுபடி ஓட்டினால் அங்கே ஒன்றுமில்லை. வீட்டில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு எப்படி இருந்திருக்கும்? நான் பார்த்தேனே! அப்படியானால் என் கண்ணில் பட்டது என்ன? அந்த உருவம் நிகழ்ச்சி முழுக்க அங்கங்கே, கூட்டத்திலும் கண்ணாடியிலும், கண்ணிமைக்கும் நேரத்துக்கு வந்து போகிறது. யாரும் அதைச் சுட்டிக்காட்டுவதில்லை. பி.பி.சி.யின் தொலைபேசிகள் அன்று இரவு திணறிப்போயின.

இந்த வித்தையின் உச்சம் எனக்கு ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’யின் மூன்றாம் பாகத்தில் வரும் டேபிள் ஃபேன். 2011ல் வந்தது, முதல் படத்தைவிடப் பல மடங்கு செலவில். ஆனால் அதன் சிறந்த யோசனைக்கு ஒரு பழைய டேபிள் ஃபேன் போதும். கதை 1988ல் நடக்கிறது. கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவன், கூடத்தையும் சமையலறையையும் ஒரே கேமராவில் பிடிக்க ஒரு வழி கண்டுபிடிக்கிறான். டேபிள் ஃபேனின் இறக்கைப் பகுதியைக் கழற்றிவிட்டு, அங்குமிங்கும் திரும்பும் அந்த அடிப்பாகத்தின் மேல் வீடியோ கேமராவைக் கட்டிவிடுகிறான். கேமரா மெதுவாக இடம் போகிறது, நிற்கிறது, வலம் வருகிறது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த பெண் மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு சுற்றில் அவள் மட்டும் இருக்கிறாள். இன்னொரு சுற்றில், வெள்ளைத் துணி போர்த்திய உருவம் ஒன்று அவள் முதுகுக்குப் பின்னால். கத்த வேண்டும் போலிருக்கிறது. ஆனால் ஃபேன் நமக்காக நிற்குமா? அதுபாட்டுக்கு அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது. சின்னப் பிள்ளைகள் பேய் வேஷம் போடும் அதே வெள்ளைப் போர்வைதான். தியேட்டரில் என் பக்கத்து இருக்கைக்காரர் கழுத்தை நீட்டி, திரையின் ஓரத்துக்கு அப்பால் எட்டிப்பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன்.

சரி, காசு விஷயத்துக்கு வருவோம். முதல் படத்தை எடுத்த ஓரன் பெலி சினிமாக்காரர் அல்ல, வீடியோ கேம் புரோகிராமர். இஸ்ரேலில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்தவர். சான் டியேகோவில் வீடு வாங்கிக் குடிபோன பிறகு ராத்திரியில் கேட்ட சத்தங்கள்தான் படத்துக்கு விதை. சொந்த வீட்டிலேயே 2006ல் ஏழு நாளில் எடுத்தார். செலவு 15,000 டாலர், அன்றைய மதிப்பில் ஏழு லட்சம் ரூபாய் சுமார். எல்லோரும் இந்த இரண்டு கணக்கை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த ஏழு நாளுக்கு முன்னால் ஒரு வருடம் அந்த வீட்டை அவர் தயார் செய்துகொண்டிருந்தார்: சுவருக்கு வண்ணம் அடித்து, கார்ப்பெட் போட்டு, மேஜை நாற்காலி வாங்கி. எந்தக் கதவு எப்படித் திரும்பும், நடைவிளக்கு எரிந்தால் நிழல் எங்கே விழும் என்பதெல்லாம் அந்த வீட்டில் வாழ்ந்தவருக்கு அத்துப்படி. நடிகர் தேர்வுக்கு வந்தவர்களிடம் வசனம் எதுவும் கொடுக்காமல், உங்கள் வீட்டில் பேய் இருப்பதாக ஏன் நினைக்கிறீர்கள் என்றுதான் பேச்சை ஆரம்பித்திருக்கிறார். தடுமாறாமல் பதில் சொன்னவர்கள்தான் கேட்டியும் மைக்காவும். படத்திலும் அவர்களுக்கு அதே பெயர்கள்தான். மைக்கா பல்கலைக்கழகத் தொலைக்காட்சியில் கேமரா பிடித்தவர் என்பது கூடுதல் லாபம். ஆக, காசு குறைவு, காலம் அதிகம். உங்களிடம் இரண்டு லட்சம் இருப்பது எனக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. எத்தனை மாதம் இருக்கிறது?

படம் 2007ல் ஒரு திரைவிழாவில் காட்டப்பட்டது. அப்புறம் ட்ரீம்வொர்க்ஸ் ஸ்டுடியோவின் கைக்குப் போனது. பெரிய செலவில் திரும்ப எடுப்பதாகத்தான் அவர்கள் திட்டம். சோதனைத் திரையிடலில் ஆட்கள் பாதியில் எழுந்து போனார்களாம். படம் தேறவில்லை என்று நினைத்தவர்களுக்கு, பயத்தில் போகிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. மறு ஆக்கம் கைவிடப்பட்டது. 2009ல் திரைக்கு வந்து உலகம் முழுக்க 19 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. முடிவை மட்டும் மாற்றச் சொன்னவர், ட்ரீம்வொர்க்ஸை நிறுவியவர்களில் ஒருவரான இயக்குநர் ஸ்பீல்பெர்க். நீங்கள் தூங்கிவிட்டதால் அதைக் கெடுக்காமல் சொல்கிறேன்: தியேட்டரில் வந்த முடிவு நம் முகத்தில் வந்து மோதுவது. முதலில் எடுத்த முடிவில் ஒருவர் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து ஆடிக்கொண்டே இருப்பார், மணிக்கணக்காக. எனக்குப் பழைய முடிவுதான். இந்த ஒரு விஷயத்தில் ஸ்பீல்பெர்க் சொன்னது தப்பு என்று எங்கே வேண்டுமானாலும் வாதாடுவேன்.

உங்கள் ‘ஆட்டி ஆட்டி’ கணக்குக்கு வருகிறேன். அது தப்புக் கணக்கு. இந்தப் பழக்கம் ‘தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்’ என்ற பேய்ப்படத்திலிருந்து வந்தது. 1997ல் மேரிலாந்து காட்டில் எட்டு நாள் எடுத்து 1999ல் வெளியானது. அங்கே கேமரா ஆடியதென்றால் பிடித்தவர்கள் நிஜமாகவே களைத்திருந்தார்கள். மூன்று நடிகர்களும் காட்டில் தாங்களே நடந்து, தாங்களே படம் பிடித்தார்கள். அன்றன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்ற சீட்டு மட்டும் ஃபிலிம் டப்பாவில் வரும். நாளாக ஆகச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போனார்கள். எரிச்சலும் சண்டையும் பாதி அசல். ஆனால் அந்தப் படத்தில் எல்லோருக்கும் நினைவிருப்பது எது? கடைசியில் ஒரு பாழடைந்த வீட்டின் நிலவறையில் ஒருவன் மூலையைப் பார்த்து, நமக்கு முதுகைக் காட்டி, அசையாமல் நிற்பது. அவ்வளவு ஆட்டமும் அந்த ஒரு அசைவின்மைக்காகத்தான். அது ஏன் பயமுறுத்துகிறது என்றால், ஒரு கொலைகாரன் குழந்தைகளை இரண்டிரண்டாகக் கூட்டிப்போய், ஒன்றைக் கொல்லும்போது இன்னொன்றை மூலையில் நிற்கவைப்பான் என்று படத்தின் தொடக்கத்தில் ஊர்க்காரர் ஒருவர் போகிறபோக்கில் சொல்லியிருப்பார். பார்த்தவர்களுக்கு முடிவு புரியவில்லை என்றதும் பிறகு எடுத்துச் சேர்த்த துண்டு அது. ஒரு பேச்சு, ஒரு முதுகு. இதற்கு என்ன லைட்டிங் செலவு?

இன்னொன்று. இந்த வகைப் படம் எடுக்கிற எல்லோரும் வழுக்கி விழும் இடம் இது: உயிர் போகிற நேரத்தில் அவன் ஏன் இன்னும் கேமராவைக் கீழே போடவில்லை? பெரும்பாலான படங்களில் இதற்கு, “எல்லாவற்றையும் பதிவு செய்யணும், உலகத்துக்குத் தெரியணும்” என்று ஒரு வசனத்தோடு கைகழுவி விடுவார்கள். கேட்கும்போதே சிரிப்பு வரும். பெலியின் படத்தில் கேமராவே வீட்டுச் சண்டைக்குக் காரணம். அதை வாங்கி வந்தவன் மைக்கா. பேயைச் சீண்டாதே என்று அந்த விவகாரம் தெரிந்தவர் சொல்லிவிட்டுப் போகிறார், இவன் சீண்டுகிறான். கேட்டி கேமராவை அணை என்கிறாள், இவன் அணைப்பதில்லை. ஆவிகளோடு பேசும் ஓஜா பலகையைக் கொண்டுவராதே என்று சத்தியம் வாங்குகிறாள், வார்த்தையைச் சுற்றி வளைத்துக் கொண்டுவருகிறான். பகல் காட்சிகள் இழுவை என்று நினைத்திருப்பீர்கள். அவை ஒரு ஆணின் பிடிவாதம் பற்றியவை. அவளுக்கு என்ன பயமென்று ஒரு நாள்கூட அவன் காதுகொடுத்துக் கேட்பதில்லை. பேயை எடுத்துவிட்டாலும் அந்த வீட்டில் அவளால் நிம்மதியாகத் தூங்கியிருக்க முடியாது. உங்கள் கதையில் கேமரா பிடிப்பவன் யார், அவனுக்கும் மற்ற மூவருக்கும் என்ன பிரச்சினை என்பதை முதலில் எழுதிவிடுங்கள். பேய் பின்னால் வரட்டும்.

பின்னணி இசை வேண்டாம். கண்டெடுத்த பதிவு என்று சொல்லிவிட்டு வயலின் வாசித்தால், கண்டெடுத்தவர் இசையமைப்பாளரா என்று கேட்பார்கள். பெலி ஏதோ வரும்போது மட்டும் ஒரு தாழ்ந்த உறுமலை அடியில் விட்டிருப்பார், காதைவிட நெஞ்சுக்குத்தான் அது கேட்கும். நீங்கள் அந்த வீட்டின் சத்தங்களைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். நல்ல மைக்குக்கு மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

கேமராவைத் தொடும் முன் நாலு பேரும் அங்கே பத்து நாள் தங்குங்கள். மொபைலை நடையின் ஒரு கோடியில் நிறுத்தி, ராத்திரி முழுக்க ஓடவிட்டுக் காலையில் போட்டுப்பாருங்கள். எந்த இடத்தில் உங்கள் கண் போய் நிற்கிறதோ அங்கேதான் உங்கள் படம் இருக்கிறது. ஆட்டம் பாட்டம் எல்லாம் அதற்குப் பிறகு.

அந்த மச்சறைக் கதவை மட்டும், படப்பிடிப்புக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று தச்சரைக் கூப்பிட்டுச் சரிசெய்துவிடாதீர்கள்.