வாசித்துக் காட்டினீர்களா?

கேள்வி: உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் என் தங்கை, சட்டத்தரணி ஆகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஆங்கில கோர்ட் நாவல்களாகப் படித்துத் தள்ளுகிறாள். கொலை, கூண்டு, குறுக்கு விசாரணை என்று வெள்ளைக்காரர்கள் எழுதிய பொழுதுபோக்குக் கதைகளால் மலையகத்துப் பிள்ளைக்கு என்ன பயன்? நல்ல இலக்கியம் படிக்கும்படி நீங்களாவது சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், பொகவந்தலாவை

பதில்: சொல்ல மாட்டேன். அவள் படிக்கட்டும்.

யார் கொலைகாரன் என்று கடைசிப் பக்கம்வரை இழுத்துக்கொண்டு போவது துப்பறியும் கதை. நல்ல சட்ட நாவலில் யார் செய்தது என்பது பல வேளை பாதிப் புத்தகத்துக்குள்ளேயே தெரிந்துவிடும். அதை நிரூபிக்க முடியுமா, சொல்ல வந்தவரைப் பேச விடுவார்களா, மேசைமேல் கிடக்கும் காகிதம் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்பதில்தான் நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். துண்டுச் சீட்டு, பற்றுச்சீட்டு, பதிவுச் சான்று, வாக்காளர் பட்டியல் என்று காகிதத்தாலேயே அலைக்கழிக்கப்பட்டவர்கள் நாம். இந்த நெஞ்சடிப்பு நமக்கா அந்நியம்?

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அத்தையோடு தொழில் நியாய சபை விசாரணை ஒன்றுக்குப் போயிருந்தேன். அத்தை கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்களை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோட்டத் தரப்பில் ஒரு கடிதத்தை நீட்டினார்கள். தாமாகவே வேலையிலிருந்து விலகுவதாக ஆங்கிலத்தில் டைப் செய்த நான்கு வரிகள். கீழே அத்தையின் பெருவிரல் ரேகை. ரேகை தன்னுடையதுதான் என்று அத்தை ஒப்புக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். எங்களுக்காகப் பேசிய தொழிற்சங்கக்காரர் எழுந்து, கடிதத்தைத் தயாரித்த ஆபீஸ் கிளாக்கரிடம் கேட்டார்: “இதை இந்த அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினீர்களா?” பதில் இல்லை. “கடிதத்தில் இருக்கிற தேதிக்குப் பிறகும் நான்கு நாட்கள் இவருக்கு முழுப் பேர் விழுந்திருக்கிறதே, விலகிப் போன ஆளுக்குப் பேர் போட்டது யார்?” யார் அன்று முழு நாள் வேலை செய்தார் என்று பேர் போடும் செக்ரோல் புத்தகம் மேசைமேல் திறந்தே கிடந்தது. கிளாக்கர் அதைப் பார்த்தார், பிறகு தோட்டத்துச் சட்டத்தரணியைப் பார்த்தார். அவர் தன் பேனாவை மூடி வைத்தார்.

தீர்ப்பு வர இரண்டு வருடங்கள் ஆயின. ஆனால் வழக்கு திரும்பியது அந்த நிமிடத்தில்தான். குரலை உயர்த்தாமல் கேட்ட இரண்டு கேள்விகளும் ஒரு தேதியும் போதுமாக இருந்தன. பின்னாளில் சட்ட நாவல்களைத் தேடித் தேடிப் படித்தபோது, நான் மீண்டும் மீண்டும் தேடியது அந்த நிமிடத்தைத்தான்.

ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மொக்கிங்பேர்ட்’ நாவலில் அது இருக்கிறது. 1960இல் வெளிவந்து மறு வருடமே புலிட்சர் பரிசு பெற்ற நூல். 1930களின் அலபாமா. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியைக் கெடுத்து அடித்ததாகக் கறுப்பினத் தொழிலாளி டொம் ரொபின்சன்மீது குற்றச்சாட்டு. பெண்ணின் முகத்தில் அடிபட்டது வலது பக்கம். சட்டத்தரணி அட்டிகஸ் ஃபிஞ்ச், பெண்ணின் தகப்பனிடம் ஓர் உறையைக் கொடுத்து அதன் பின்புறம் பெயரை எழுதச் சொல்கிறார். அவன் இடது கையால் எழுதுகிறான். பிறகு டொம்மை எழுந்து நிற்கச் சொல்கிறார். சிறுவயதில் பஞ்சு பிரிக்கும் இயந்திரத்தில் சிக்கிய அவனுடைய இடது கை சூம்பித் தொங்குகிறது. உண்மை எதுவென்று மன்றத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அப்போதே விளங்கிவிடுகிறது. அப்படியும் வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி அவனைக் குற்றவாளி என்கிறது. நிரூபித்துவிட்டாலே நீதி கிடைத்துவிடும் என்று நம்புகிற பிள்ளை, சட்டம் படிக்கப் போகும் முன் இதைப் படித்தே ஆக வேண்டும்.

ஜோன் கிரிஷாமின் ‘த ரெயின்மேக்கர்’ (1995) உங்கள் வீட்டுக்கு இன்னும் நெருக்கமானது. இரத்தப் புற்றுநோயில் கிடக்கும் இளைஞன், ஏழைத் தாய், வாராவாரம் பணம் வாங்கிக்கொண்டு சிகிச்சைக்குப் பணம் தர மறுக்கும் காப்புறுதி நிறுவனம், அப்போதுதான் கல்லூரியை விட்டு வந்த ஒரு சட்டத்தரணி. ஏழு முறை மறுத்த நிறுவனம், எட்டாவது மறுப்புக் கடிதத்தில் அந்தத் தாயை முட்டாள் என்று மூன்று தடவை எழுதுகிறது. அந்தக் கடிதம் ஜூரியின் கைக்குப் போகும்போது நமக்கு உடம்பு சிலிர்க்கிறது. பெரிய நிறுவனமொன்று, இவர்களுக்கு எங்கே கேட்கத் தெரியும் என்று நம்பி எழுதுகிற கடிதத்தை நம் லயங்களில் எத்தனை பேர் வாங்கியிருக்கிறார்கள்! கிரிஷாமின் மற்ற நாவல்கள் எல்லாம் இந்த உயரத்தில் இல்லை. சிலவற்றில் வேகம் மட்டுமே இருக்கிறது. அவற்றை உங்கள் தங்கை படிக்காவிட்டாலும் நட்டமில்லை.

ஸ்கொட் டுரோவின் ‘ப்ரிஸ்யூம்ட் இனசென்ட்’ (1987) கதையில், அதுவரை மற்றவர்களைக் கூண்டில் ஏற்றிவந்த அரச வழக்குத்தொடுநர் தானே கூண்டில் ஏறுகிறார். சிகாகோவில் அந்தத் தொழிலில் இருந்துகொண்டே, வேலைக்குப் போய்வரும் ரயிலில் எழுதியவர் டுரோ. அந்தத் தொழிலின் வாசனை கதையில் மாறாமல் இருக்கிறது.

‘நல்ல இலக்கியம்’ என்றீர்கள். சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்குப் பெயரே வழக்குரை காதை. அங்கே கண்ணகி அழுதுமட்டும் நிற்கவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். எம்முடையதின் பரல் முத்து என்று பாண்டியன் தன் வாயாலேயே சொல்லிவிடுகிறான். அதன் பிறகுதான் சிலம்பு உடைகிறது. சாட்சியைச் சொல்லில் கட்டிப்போட்ட பின் சான்றை எடுத்து வைப்பது குறுக்கு விசாரணையின் பால பாடம். இளங்கோவடிகளை மேலே வைத்து, உங்கள் தங்கையின் புத்தகங்களைக் கீழே தள்ள முடியாது. இரண்டிலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். பொற்கொல்லன் சொன்னதை விசாரிக்காமல் நம்பினாயே, ஏன்?

ஆனால் இந்தக் கண்ணகியின் மொழியில் இன்று நல்ல கோர்ட் நாவல்கள் மிகவும் குறைவு. சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வழக்கறிஞர்கள்தாம், என்றாலும் அவர்களுடைய கதைகள் பெரும்பாலும் துப்பறியும் பாதையிலேயே போகின்றன. மலையகத்திலோ கதைக்கு வேண்டிய வழக்குகள் மலைபோல் கிடக்கின்றன. மடுல்கலையில் தோட்டத் தொழில் பழக வந்த அவுஸ்திரேலிய இளைஞர் பிரேஸ்கேர்டில், துரைமார் பக்கம் நிற்காமல் தொழிலாளர் கூட்டங்களில் பேசினார். 1937 ஏப்ரலில் ஆளுநர் ஸ்டப்ஸ் அவரை 48 மணித்தியாலத்துக்குள் நாட்டை விட்டுப் போகும்படி கட்டளையிட்டார். அவர் தலைமறைவானார். மே மாதம் கொழும்பு காலிமுகத்திடல் கூட்டத்தில் பகிரங்கமாக மேடையேறினார். கைதானார். ஆட்கொணர்வு மனுவில் அவருக்காகச் சட்டத்தரணி எச்.வி. பெரேரா வாதாடினார். நெருக்கடி காலத்துக்கென்று கொடுத்த அதிகாரத்தை ஆளுநர் இப்படிப் பாவிக்க முடியாது என்று நீதிமன்றம் அவரை விடுவித்தது. துரத்தல், ஒளிவு, மேடை, மன்றம் என்று ஒரு த்ரில்லருக்கு வேண்டியது எல்லாம் இதில் இருக்கிறது.

இன்னொன்று நாம் தோற்ற வழக்கு. 1948இன் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின், இந்திய வம்சாவளித் தமிழர் ஒருவர் வாக்காளர் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்கும்படி கேட்டார். விசாரித்த அதிகாரி அவர் பக்கம் தீர்த்தார். உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. மேன்முறையீடு, அன்று நமக்குக் கடைசி மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1953இல் அங்கும் தோற்றது. எந்தச் சமூகத்தின் பெயரையும் சொல்லாமல் ஒரு சமூகத்தையே பட்டியலுக்கு வெளியே நிறுத்தும் வாசகங்களை எப்படி எழுதுகிறார்கள் என்று அறிய, அந்தத் தீர்ப்பை வரிவரியாக வாசிக்க வேண்டும். சட்ட நாவல்களில் ஊறிய கண்ணுக்கு அந்த வாசிப்பு கைவரும். அதனால்தான் உங்கள் தங்கையின் கையிலிருந்து புத்தகத்தைப் பறிக்காதீர்கள் என்கிறேன்.

கடைசியாக அவளுக்கு ஒரு புத்தகம்: ‘அனட்டமி ஒஃப் எ மேர்டர்’, 1958. ரொபர்ட் டிரேவர் என்ற புனைபெயரில் எழுதியவர் மிச்சிகன் மாநில உயர் நீதிமன்ற நீதியரசர் ஜோன் வோல்கர். தான் வாதாடிய கொலை வழக்கையே கதைக்கு அடிப்படையாகக் கொண்டார். கட்சிக்காரன் என்ன நடந்தது என்று முழுதாகச் சொல்லும் முன், கொலைக் குற்றத்துக்குச் சட்டம் ஒப்பும் எதிர்வாதங்கள் எவை எவை என்று சட்டத்தரணி அவனுக்கு விரிவாக எடுத்துச் சொல்லும் இடம் ஒன்று அதில் வருகிறது. பொய் சொல் என்று அவர் சொல்லவில்லை. எந்தக் கதை தப்பவைக்கும் என்பது மட்டும் அவனுக்கு விளங்கிவிடுகிறது. சட்டத்தரணி செய்தது கடமையா, களவா? முப்பது வருடமாக இதை யோசிக்கிறேன். வருடத்துக்கு ஒரு பக்கம் சாய்கிறேன். தங்கை படித்து முடித்ததும் நீங்களும் எடுத்துப் படியுங்கள். இருவரும் ஒருவரை ஒருவர் கேட்காமல் தனித்தனியாகப் பதில் எழுதி அனுப்புங்கள். இரண்டையும் இதே பக்கத்தில் அடுத்தடுத்துப் போடுகிறேன்.