அரசு வேலைக்குச் சிக்னல் என்ற செய்திச் செயலியா, அரசின் சொந்தச் செயலியா? வாசகர் கேள்விகள்

டெலிகிராமும் என்கிரிப்டட்தானே, அதிகாரிகள் பயன்படுத்தினால் என்ன?

வேண்டாம். அதில் நீங்களாக ‘சீக்ரெட் சாட்’ தொடங்கினால்தான் எண்ட்-டு-எண்ட் பூட்டு (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடிவது) உண்டு, குழுக்களுக்கு அதுவும் கிடையாது.

2025 மார்ச்சில் அமெரிக்காவின் ஏமன் தாக்குதல் விவரம் வெளியே வந்ததே, சிக்னலை உடைத்துவிட்டார்களா?

செய்தியைப் பாதி படித்துவிட்டுக் கேட்காதீர்கள். எதுவும் உடையவில்லை. அமெரிக்க அமைச்சர்கள் பேசிய குழுவில் ஒரு பத்திரிகை ஆசிரியரைத் தவறுதலாகச் சேர்த்துவிட்டார்கள், சேர்த்த ஆளுக்கு எல்லாம் தெரியத்தான் செய்யும். குழுவில் யார் யார் என்று பார்க்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். அரசு தானே நடத்தும் செயலி என்றால், ஊழியர் பட்டியலில் இல்லாதவரைச் சேர்க்கவே முடியாதபடி செய்துவிடலாம்.

அதற்கு எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டுமா?

தேவையில்லை. பிரெஞ்சு அரசின் ட்சாப், ஜெர்மன் ராணுவத்தின் மெசஞ்சர் இரண்டும் மேட்ரிக்ஸ் என்ற, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த நெறிமுறையில்தான் ஓடுகின்றன. ஆனால் சொந்தம் என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. 2019-ல் ட்சாப் வெளியான கையோடு, மின்னஞ்சல் சரிபார்ப்பில் இருந்த ஓட்டை வழியாக ஓர் ஆய்வாளர் உள்ளே நுழைந்து காட்டினார், அப்புறம்தான் அடைத்தார்கள்.

மெசேஜ் தானாக அழிவது நல்லதுதானே? எங்கள் துறையில் எல்லோரும் போட்டிருக்கிறோம்.

எல்லோரும் போட்டிருக்கிறீர்கள் என்பதுதான் எனக்குக் கவலை. வீட்டு விஷயத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் நீங்கள் எடுக்கும் முடிவு உங்களுடையது இல்லை, நாளைக்குத் தணிக்கையாளர் கேட்பார், நீதிமன்றம் கேட்கும், உங்களுக்குப் பின் அந்த நாற்காலிக்கு வருபவர் கேட்பார், அப்போது எதைக் காட்டுவீர்கள்? ஏமன் குழுவிலேயே சில செய்திகள் ஒரு வாரத்தில், சில நாலு வாரத்தில் அழியும்படி வைத்திருந்தார்கள். ஸ்காட்லாந்தில் கோவிட் கால வாட்ஸப் செய்திகள் அழிக்கப்பட்டது விசாரணையில் தெரியவந்து, பிறகு அந்த அரசு அலுவல் வேலைக்கு வாட்ஸப்பையே நிறுத்தியது.

சரி, நகல் வைக்கிறோம் என்று சிக்னலை மாற்றியமைத்த டெலிமெசேஜ் பக்கம் ஓடினால் அது இன்னொரு பள்ளம். நகல்கள் அந்த நிறுவனத்தின் கையில் இருந்தன, 2025 மே மாதம் ஹேக் ஆகி சேவையையே நிறுத்தினார்கள். நகல் கட்டாயம் வேண்டும், ஆனால் அது அரசின் சர்வரில், பூட்டைத் திறக்கும் சாவி அரசிடமே உள்ளபடி இருக்க வேண்டும். குழுவில் யார் யார் என்பதையும் அந்த நகலே சொல்ல வேண்டும்.

சர்வர் எங்கள் நாட்டிலேயே இருக்கிறது. போதும்தானே?

போதாது. நடத்துவது எந்த நாட்டு நிறுவனம் என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! அமெரிக்க நிறுவனம் என்றால், 2018-ன் கிளவுட் சட்டப்படி, முறையான உத்தரவு வந்தால் தரவு எந்த நாட்டில் இருந்தாலும் கொடுக்கச் சொல்ல முடியும். சாவி யாரிடம் என்று முதலில் கேளுங்கள்.

யாரோ அனுப்பிய கியூஆர் கோடை ஸ்கேன் செய்துவிட்டேன்.

அது வேறொருவர் கருவியை உங்கள் கணக்கோடு இணைத்திருக்கலாம். உடனே சிக்னலின் அமைப்புகளில் ‘லிங்க்டு டிவைசஸ்’ போய்த் தெரியாத கருவியை நீக்குங்கள், உங்கள் துறையின் பாதுகாப்புப் பிரிவுக்கு இன்றைக்கே சொல்லுங்கள். ரஷ்யச் சார்புக் குழுக்கள் இதே வழியில் சிக்னல் கணக்குகளைக் குறிவைப்பதாக 2025 பிப்ரவரியிலேயே கூகுள் எச்சரித்திருக்கிறது.